கை லேசருக்கு எந்த டையோடு? கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, நான் தண்டையார்பேட்டை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒளிவிலகலைக் காட்ட, கையில் பிடிக்கிற லேசர் ஒன்று செய்கிறேன். அதில் ஒளியைத் தரும் பாகமான டையோடு எதுவாக இருக்கலாம் என்பதுதான் கேள்வி. வெளிவரும் ஒளி 1 மில்லிவாட்டைத் தாண்டவே கூடாது, பிள்ளைகளின் கண் விஷயம்.

அதே திறனில் 650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பை விட 635 சிவப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு பளிச்சென்று தெரியும். 520 பச்சை இன்னும் நன்றாகத் தெரியும், ஆனால் அதற்கு ஒற்றை லித்தியம் செல்லின் 3.7 வோல்ட் போதாது. மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் டிரைவர் சுற்று வேண்டும். மலிவான 532 பச்சை லேசர் வேண்டவே வேண்டாம். வடிகட்டி இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து வரும்.

என் மனம் 635 பக்கம்தான். அதற்கு மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் சின்ன டிரைவர் ரிச்சி தெருவில் கிடைக்குமா? அப்புறம், 5.6 மி.மீ. டையோடுக்கான உலோக உறையும் கண்ணாடி லென்சும் எங்கே வாங்கினீர்கள்? வெளிவரும் திறனை நம்பகமாக அளக்க வடசென்னையில் யாரிடமாவது மீட்டர் இருந்தால், நானே வந்து அளந்துகொள்கிறேன்.