ரியர் வீல் டிரைவ் 3 சீரிஸுக்கு டயர்: குடந்தை, மாயவரம் ரோட்டுக்கு எது சரி?

குடந்தை320
வணக்கம். வண்டி 2016 பி.எம்.டபிள்யூ 320டி, எஃப்30, ரியர் வீல் டிரைவ். முன்னால் 8ஜெ (8 அங்குல அகல) ரிம்மில் 225/45 ஆர்18 (225 மி.மீ. அகல டயர்), பின்னால் 8.5ஜெ ரிம்மில் 255/40 ஆர்18. நாலும் ரன்ஃபிளாட் (காத்துப் போனாலும் கொஞ்ச தூரம் ஓட்டக்கூடிய டயர்). நாலிலும் தயாரிப்பு எண் 2219. பின் டயர் இரண்டும் உள் ஓரம் மொட்டை, வெளி ஓரத்தில் 4 மி.மீ. பட்டன் (டயர் மேலுள்ள வரி வெட்டு) இருக்கு. முன் டயரில் சீராக 5 மி.மீ.

தினமும் கும்பகோணம் – மாயவரம், வாரம் ஒரு முறை திருச்சி. அறுவடைச் சமயத்தில் வலங்கைமான், நீடாமங்கலம் பக்கம் கிராமத்து ரோடு. ஐப்பசி மழையில் வளைவில் பின்பக்கம் லேசாக விலகுது. பின்னால் இரண்டு மட்டும் மாத்தினால் போதுமா? நாலுக்கும் 225 போட்டால் மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்னு கடையில் சொல்றாங்க, சரியா? ரன்ஃபிளாட்டை விட்டுடலாமா?

வெண்ணாற்றங்கரை
டயர் வாங்குறதுக்கு முன்னாடி அலைன்மென்ட் (சக்கரங்களோட கோணத்தைச் சரி செய்யுறது) விஷயத்தை முடிங்க. இல்லேன்னா புது டயரும் அதே உள் ஓரத்தில் தேயும். இந்த வண்டியில் பின் சக்கரத்தின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கிறது கம்பெனி அமைப்பு. வெளி ஓரத்தில் 4 மி.மீ. மிச்சம் இருக்க உள் ஓரம் மட்டும் மொட்டையாகிறதுக்கு அந்தச் சாய்வு மட்டும் காரணமா இருக்காது, பெரும்பாலும் டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற அளவு) கெட்டிருக்கும். பின் சக்கரங்கள் முன்பக்கம் வெளியே பார்த்து நின்னால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் ரோட்டில் தேய்ச்சுக்கிட்டே போகும். வளைவில் பின்பக்கம் நிலையில்லாம அலையறதும் அதே கோளாறோட இன்னொரு முகம். நீங்க மழை மேல போடுற பழியில் பாதி இதுக்குச் சேரணும்.

முதலில் பின் சஸ்பென்ஷன் ஆர்ம்களில் உள்ள புஷ்களை (ரப்பர் வளையங்களை)க் கம்பியால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்க. ரப்பர் கிழிஞ்சிருந்தால் அதை மாத்தாம செய்யுற அலைன்மென்ட் அடுத்த பள்ளத்தோட போயிடும். அப்புறம் நாலு சக்கர அலைன்மென்ட்: பின் கேம்பர் (மேலே சொன்ன சாய்வு), பின் டோ, கடைசியா முன் டோ, இந்த வரிசையில். நிறைய இடத்தில் முன்னால் மட்டும் பார்த்துட்டு ஸ்டியரிங் நேரா நிக்குதுன்னு அனுப்பிடுவாங்க. முன்பு, பின்பு இரண்டு அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்க.

இரண்டா, நாலா? நாலு. 2219ன்னா 2019இன் 22ஆவது வாரம், அதாவது மே கடைசி. 5 மி.மீ. ஆழம் கண்ணுக்கு நல்லாத் தெரியும், ஆனா ரப்பர் வயசாகி இறுகிடுச்சு. நகத்தால் அழுத்திப் பாருங்க, பட்டன் இடுக்கில் மயிர் வெடிப்பு இருக்கான்னும் பாருங்க. இறுகின ரப்பருக்கு ஈர ரோட்டில் பிடிப்பு குறையும். பின்னால் புது டயர், முன்னால் பழசுன்னு போனால் மழையில் பிரேக் பிடிக்கையில் முன்பக்கம் வழுக்கும். காசு உண்மையாவே இடிக்குதுன்னா இரண்டை மட்டும் வாங்கலாம். வாங்குற இரண்டும் கட்டாயம் பின்னால்தான் போகணும். முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்து வேகம் குறைக்க நேரம் கிடைக்கும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுத்திடும். ஆத்தங்கரை ரோட்டில் தடுப்புச் சுவர் இல்லாத இடத்தில் அடுத்தது வாய்க்கால்தான்.

நாலுக்கும் 225 போடலாமாங்கிறதுக்குக் கணக்கு: 225/45 ஆர்18 உயரம் சுமார் 660 மி.மீ., 255/40 ஆர்18 சுமார் 661 மி.மீ. அதனால ஸ்பீடோமீட்டரும் ஏ.பி.எஸ்ஸும் குழம்பாது. 225 டயர் 8.5ஜெ ரிம்மில் உட்காரவும் செய்யும், ஆனா அதுதான் அதுக்கு அனுமதிச்ச அகலத்தோட கடைசி எல்லை. சைடு வால் இழுத்து நிக்கும், ரிம் ஓரம் வெளியே தெரியும், பள்ளத்தில் அடி நேரா அலாய் ரிம்மில் விழும். ரிம் அகலம் வேற வேறயா இருக்கிறதால முன்பின் மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் டயரைக் கழட்டித்தான் போடணும். முன்னால் 255ஐ ஏத்தவே முடியாது, அதுக்கு 8.5ஜெக்குக் குறைஞ்ச ரிம் ஆகாது. இருக்கிற அளவிலேயே இருங்க.

வகை: சம்மர் டயர்தான். நம்ம ஊர் வெயிலுக்கு எம்+எஸ் (சேறு, பனிக்கான) குறி தேவையில்லை. நாலும் ஒரே மாடலா இருக்கட்டும். உங்க ஓட்டத்துக்கு மிஷலின் பிரைமசி 4 மாதிரி டூரிங் டயர் போதும். திருச்சி நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் கூர்மை வேணும்னா பைலட் ஸ்போர்ட் 4 வகை. டயர் பக்கவாட்டில் டிராக்ஷன் (பிடிப்புத் தரம்) ஏஏன்னு இருந்தால் ஈரத்தில் நேர்கோட்டு பிரேக்கிங் நல்லதுன்னு மட்டும்தான் அர்த்தம். தேங்கின தண்ணியில் மிதக்காதுங்கிற உத்தரவாதம் அதில் இல்லை. அதைத் தீர்மானிக்கிறது பட்டன் ஆழமும் வேகமும்தான். 255 அகலமான டயர், அது 225ஐ விடச் சீக்கிரம் மிதக்கும். அதனால 1.6 மி.மீ. தேய்மானக் குறி வரைக்கும் ஓட்டாதீங்க. புரட்டாசிக்குள்ள 3 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் மாத்திடுங்க.

மன்னை வீல்ஸ்
மேலே அண்ணன் சொன்னதில் ரன்ஃபிளாட் விட்டுப்போச்சு. என் பேச்சு: விட்டுடுங்க. அதோட சைடு வால் விறைப்பு. நம்ம பள்ளத்தில் அடி ரிம்முக்கும் புஷ்ஷுக்கும்தான் இறங்குது. அலாய் வளையும், சைடு வால் உப்பும். உப்பினது ரிப்பேர் ஆகாது.

ஆனா எஃப்30இல் ஸ்டெப்னி வைக்கக் குழியே கிடையாது. சாதா டயருக்குப் போனால் டிக்கியில் 12 வோல்ட் கம்ப்ரசர், டியூப்லெஸ் பஞ்சர் கிட், டார்ச் மூணும் எப்பவும் கிடக்கணும். கருவேல முள், ஆணிக்கு இது போதும். சைடு வால் கிழிஞ்சால் போதாது, இழுவை வண்டிதான்.

குடந்தை320
ராத்திரி 10 மணிக்கு மேல் மாயவரத்திலிருந்து திரும்புறது வாரத்தில் மூணு நாள். அதுதான் யோசனை.

வெண்ணாற்றங்கரை
அப்படின்னா நான் ரன்ஃபிளாட் பக்கம். காத்தில்லாமலே மணிக்கு 80 கி.மீ. தாண்டாம சுமார் 80 கி.மீ. வரை போகலாம், வீடு வந்து சேர்ந்துடுவீங்க. அப்படிக் காத்தில்லாம ஓட்டின டயரைப் பஞ்சர் ஒட்டித் திரும்பப் போடாதீங்க. உள்ளே சைடு வால் வெந்திருக்கும், வெளியே தெரியாது. எதை எடுத்தாலும் நாலும் ஒரே வகையா இருக்கட்டும்.

அறுவடை ரோட்டுக்கு ஒண்ணு. பெல்ட் வண்டியும் (அறுவடை இயந்திரம்) டிராக்டரும் வயலிலிருந்து ஏத்திவிடுற களிமண் விடியற்காலைப் பனியில் சோப்பு மாதிரி ஆயிடும். காயப்போட்ட நெல் டயருக்கு அடியில் உருளும். டயரோட ரப்பர் ரோட்டையே தொடாத இடத்தில் எந்தக் கம்பெனி டயரும் காப்பாத்தாது. டிராக்ஷன் கண்ட்ரோலை அணைக்காம, ஆக்சிலரேட்டரை மெதுவா மிதிச்சு, ஸ்டியரிங் நேரா வெச்சுத் தாண்டுங்க. பரப்பின வைக்கோல் மேல ஓட்டவோ நிறுத்தவோ வேண்டாம், சூடான சைலன்சர் குழாயில் சிக்கினால் தீப்பிடிக்கும்.

மன்னை வீல்ஸ்
வாங்கும்போது: இந்த அளவு நம்ம பக்கம் ஸ்டாக்கில் இருக்காது, சொல்லி வரவழைக்கணும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் ஒரு காரணம். முன்பணம் கொடுக்கும்போதே தயாரிப்பு எண் ஒரு வருஷத்துக்குள்ள இருக்கணும்னு பில்லில் எழுதி வாங்குங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்க. லோடு எண்ணும் ஸ்பீடு எழுத்தும் கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ளதுக்குக் குறையக் கூடாது. லோடு 91ன்னா ஒரு டயருக்கு 615 கிலோ, 95ன்னா 690. ஸ்பீடு டபிள்யூன்னா 270 கி.மீ.

மாட்டும்போது ஜாக்கியை அடியில் உள்ள பிளாஸ்டிக் மேடையில் மட்டும் வைக்கச் சொல்லுங்க, தகடு ஓரத்தில் வெச்சால் மடங்கிடும். போல்ட்டைக் காத்து கன்னால் முடுக்கி விட்டுடுவாங்க, அதை விடாதீங்க. டார்க் ரெஞ்சில் 140 நியூட்டன் மீட்டர், குறுக்கும் நெடுக்குமா. 100 கி.மீ. ஓடினதும் ஒரு தடவை சரிபாருங்க. 'அவுட்சைடு'ன்னு எழுதின பக்கம் வெளியே வரணும். காத்து காலையில் வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, ஸ்டிக்கரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியா உள்ள அளவுப்படி. பங்க்கில் நாலுக்கும் ஒரே அளவா அடிச்சு விடுவாங்க, நின்னு பாருங்க. அப்புறம் ஐடிரைவ் (வண்டித் திரை) மெனுவில் டயர் ரீசெட். முதல் 300 கி.மீ. நிதானமா ஓட்டுங்க, புது டயரில் அச்சு எண்ணெய்ப் பசை இருக்கும்.

குடந்தை320
நன்றி இருவருக்கும். முதலில் புஷ் பார்த்து அலைன்மென்ட் தாள் எடுக்கிறேன். அளவு அதே, நாலும் ரன்ஃபிளாட். தாளை இங்கேயே போடுறேன், பின் டோ அளவைப் பார்த்துச் சொல்லுங்க.