அரைத்தால் நார்ச்சத்து செத்துவிடுமாம்!

மிக்சிமணி (காலை 6:52)

நம் குழுவில் நேற்று காலை உணவு பற்றிய திரியில் எடைக்கல் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்: "ஸ்மூத்தி குடிப்பதும் சர்க்கரைத் தண்ணீர் குடிப்பதும் ஒன்று. பிளேடு பட்ட நொடியில் நார்ச்சத்து செத்துவிடும்."

செத்துவிடுமாம்! நார் என்ன எறும்பா, பிளேடு பட்டால் சாக?

நான்கு வருடமாக என் காலை உணவு மிக்சியில் அரைத்த இந்த ஸ்மூத்திதான்: ஒரு வாழைப்பழம், தோலோடு ஒரு ஆப்பிள், ஒரு கைப்பிடி பசலைக் கீரை, ஒரு கரண்டி ஆளிவிதை, அரை டம்ளர் தயிர், ஒரு சின்னக் கரண்டி தேன். இன்று அரைத்ததைக் குடிக்காமல் டீ வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தேன். பச்சையாகக் கூழ் நின்றது. எடை போட்டால் ஈரத்தோடு 70 கிராம். படம் கீழே இருக்கிறது.

எடைக்கல் ஐயா, ஒரே கேள்வி. வடிகட்டியில் நிற்பது என்ன?

எடைக்கல் (காலை 7:20)

விடிந்ததும் என் பெயரைச் சொல்லித் திரி திறந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி.

நிற்பது நார்தான், யார் இல்லை என்றது? வேலை செய்கிற நாரா என்பதுதான் கேள்வி. முழு ஆப்பிளில் சர்க்கரை செல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் கடித்து, மென்று, அந்தப் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறீர்கள். மிக்சி ஒரு நிமிடத்தில் எல்லாப் பூட்டையும் உடைத்துவிடுகிறது. செங்கல் சுவரை இடித்துக் குவித்துவிட்டு, "செங்கல் எண்ணிக்கை குறையவில்லையே, வீடு அப்படியேதான் இருக்கிறது" என்று சொல்வீர்களா?

மிக்சிமணி (காலை 7:31)

கவிதை நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியது "செத்துவிடும்". செத்ததா, இல்லையா? நாரின் முக்கியப் பொருளான செல்லுலோஸின் பிணைப்பை வெட்ட நொதி வேண்டும், இல்லாவிட்டால் வலுவான அமிலம் வேண்டும். மிக்சி பிளேடால் நாரைச் சின்னத் துண்டாக்க முடியும், அவ்வளவுதான். ஆப்பிளில் 4 கிராம் நார் இருந்தால் அரைத்த பிறகும் 4 கிராம்தான்.

வடிகட்டியில் நிற்பது என்ன என்பதற்கு நேரான பதில் இன்னும் வரவில்லை.

காலைநடை (காலை 7:44)

வணக்கம். இந்தக் குழுவுக்குப் புதியவள். எட்டரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், உட்கார்ந்து சாப்பிட நேரம் இல்லை. மதியம்வரை பசி தாங்குகிற மாதிரி ஒரு டம்ளருக்கு என்னென்ன போடலாம் என்று யாராவது சொல்வீர்களா?

எடைக்கல் (காலை 8:05)

நேரான பதில் தருகிறேன். 1977-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு. பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாக, கூழாக, சாறாக மூன்று விதத்தில் கொடுத்தார்கள். மூன்றிலும் மாவுச்சத்து ஒரே அளவு. முழு ஆப்பிள் தின்றபோது வயிறு நன்றாக நிறைந்தது, கூழில் அதைவிடக் குறைவு, சாறில் எல்லாவற்றையும்விடக் குறைவு. கூழுக்கும் சாறுக்கும் இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. கூழ் என்றால் என்ன? உங்கள் வடிகட்டியில் நிற்பதேதான், ஐயா.

சகோதரி காலைநடைக்கு: ஒரு ஆப்பிளைக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள். பாத்திரம் கழுவுகிற வேலையும் மிச்சம்.

மிக்சிமணி (காலை 8:19)

வந்தது பாருங்கள், பாதியை மட்டும் படிக்கிற பழக்கம். அதே ஆய்வில் ரத்தச் சர்க்கரை மூன்று விதத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஏறியது. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? மெல்லாமல் விழுங்குவது தப்பு என்பவர் நீங்கள்தானே!

சரி, என் பங்குக்கு ஒன்று. 2022-ல் நியூட்ரியன்ட்ஸ் என்ற இதழில் வந்தது. ஆரோக்கியமான 20 இளைஞர்கள். ஆப்பிளும் பிளாக்பெரியும் முழுதாகத் தின்றபோது ஏறியதைவிட, அரைத்துக் குடித்தபோது சர்க்கரை குறைவாக ஏறியது. பெரியின் விதை அரைபடும்போது அதிலுள்ள நாரும் மற்றவையும் வெளியே வருவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆளிவிதையும் அப்படித்தான். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும், அரைத்தால்தான் உடம்பில் சேரும்.

ஆக, உங்கள் கணக்குப்படி செத்த நார் உயிரோடு இருப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது.

எடைக்கல் (காலை 8:33)

வெறும் இருபது பேர்!

மிக்சிமணி (காலை 8:34)

உங்கள் பத்துப் பேர் மட்டும் ஊரே திரண்ட கூட்டமா?

எடைக்கல் (காலை 8:50)

ஏறியது ஒரே அளவு என்றீர்கள். ஏறிய பிறகு என்ன ஆனது? சாறு குடித்தவர்களுக்குச் சர்க்கரை சறுக்கி விழுந்தது, கூழுக்கும் ஓரளவு அப்படியே. பதினோரு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடும் கை அதனால்தான் வருகிறது. பாதியைப் படித்தது யார்? மேலும் உங்கள் ஆய்வில் இருப்பது விதையுள்ள பெரி. உங்கள் டம்ளரில் இருப்பது வாழைப்பழம். பெரிக்குக் கிடைத்த சான்றிதழை வாழைப்பழத்துக்கு ஒட்டுகிறீர்கள்.

நீலக்குவளை (காலை 9:12)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பச்சைக் கீரையை எல்லோரும் கைப்பிடி கைப்பிடியாகப் போடச் சொல்கிறீர்களே, அதில் சிறுநீரகக் கல் உண்டாக்கும் ஆக்சலேட் அதிகம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்குச் சிறுநீரகக் கல் வந்தபோது மருத்துவர் முதலில் கேட்டதே "தினமும் கீரை ஜூஸ் குடிக்கிறீர்களா" என்றுதான். கல் வந்தவர்கள் தினமும் பச்சைப் பசலை குடிப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கீரையை வேகவைத்து நீரை வடித்தால் கொஞ்சம் குறையும்.

மிக்சிமணி (காலை 9:20)

மேடம், அது வேறு விஷயம். தனித் திரி போடுங்கள். இங்கே பேசுவது நார்.

நீலக்குவளை (காலை 9:24)

உங்கள் டம்ளரில் இருக்கும் கீரையைப் பற்றிப் பேச நான் தனித் திரி போட வேண்டுமா? போன வருடம் முட்டை மஞ்சள் கரு திரியிலும் என்னை இப்படித்தான் அனுப்பினீர்கள். கடைசியில் யார் சொன்னது சரியாக இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

மிக்சிமணி (காலை 9:41)

முட்டையை இழுக்க வேண்டாம். அந்தத் திரியைப் பூட்டியதே நீங்கள் போட்ட புகாரால்தான்.

அது கிடக்கட்டும், எல்லோரும் இதைக் கவனியுங்கள். எடைக்கல் நேற்றைய பதிவைத் திருத்திவிட்டார்! இப்போது போய்ப் பாருங்கள், "செத்துவிடும்" இருந்த இடத்தில் "சிதைந்துவிடும்" இருக்கிறது. காலை 8:56-க்குத் திருத்தப்பட்டது என்று அடியிலேயே போட்டிருக்கிறது. திரைப்பிடிப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

எடைக்கல் (காலை 9:58)

எழுத்துப் பிழையைத் திருத்துவது குற்றமா?

மிக்சிமணி (காலை 10:03)

"செத்து" என்பதற்கும் "சிதைந்து" என்பதற்கும் பொதுவாக இருப்பது முதல் எழுத்தின் மெய்யும் கடைசி "து"வும் மட்டும்தான். நல்ல எழுத்துப் பிழை!

மூன்றாம் டம்ளர் (காலை 10:30)

இரண்டு பேரும் அரைத்த மாவையே அரைக்கிறீர்கள். நான் வேறு மாவு கொண்டுவருகிறேன். ஃபிளவனால் என்றொரு பொருள், பெரி, ஆப்பிள், கோகோ எல்லாவற்றிலும் இருக்கிறது, இதயத்துக்கு நல்லது என்பார்கள். 2023-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பார்த்தார்கள். வாழைப்பழம் சேர்த்த ஸ்மூத்தி குடித்தவர்களின் உடம்பில், ஃபிளவனாலை மாத்திரையாக மட்டும் விழுங்கியதோடு ஒப்பிட்டால், 84 விழுக்காடு குறைவாகச் சேர்ந்தது. வாழைப்பழத்தை நறுக்கி வைத்தால் கறுக்கிறது இல்லையா, அதே நொதியின் வேலைதான். பெரி மட்டும் போட்ட ஸ்மூத்தியில் அந்தப் பிரச்சினை இல்லை.

ஆக, மணி அண்ணன் வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் சேர்த்துப் போடுவது அரை வேலைதான்.

மிக்சிமணி (காலை 10:44)

எட்டுப் பேரை வைத்துப் பார்த்த ஆய்வு, தம்பி. நான் ஃபிளவனாலுக்காகக் குடிக்கவில்லை. வாழைப்பழம் இல்லாமல் கெட்டி எங்கிருந்து வரும்? தண்ணீர் மாதிரி இருந்தால் அதற்குப் பெயர் ஜூஸ். ஜூஸ் பற்றிப் பேச வேறு ஆள் பாருங்கள்.

மூன்றாம் டம்ளர் (காலை 10:51)

தயிரைக் கூட்டுங்கள், ஊறவைத்த ஓட்ஸ் போடுங்கள், அவகாடோ போடுங்கள். கெட்டிக்கு வாழைப்பழம் ஒன்றுதானா வழி? அப்புறம், உங்கள் 20 பேர் ஆய்வு ஆகும், என் 8 பேர் ஆகாதா? எத்தனை பேரிலிருந்து ஏற்றுக்கொள்வீர்கள் என்று ஒரு பலகை மாட்டிவிடுங்கள், பார்த்துக் கொண்டுவருகிறோம்.

எடைக்கல் (காலை 11:15)

தம்பி சொன்னது சரி. இப்போது மணியின் டம்ளரைக் கூட்டிப் பார்ப்போம். நடுத்தர வாழைப்பழத்தில் சர்க்கரை 14 கிராம், ஆப்பிளில் 19, தேனில் 6. தயிரை விட்டுவிட்டாலே 39 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, தனிச்சர்க்கரை (உணவில் சேர்க்கும் சர்க்கரையும், தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையும்) மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 5 என்பது 25 கிராம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஜூஸும் ஸ்மூத்தியும் சேர்த்தே நாளுக்கு 150 மில்லிதான் என்கிறது. உங்கள் டம்ளர் எத்தனை மில்லி?

மிக்சிமணி (காலை 11:29)

450. மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் அந்த நிறுவனத்தின் பட்டியலைப் படியுங்கள். தேன், பாகு, பழச்சாறு, செறிவூட்டிய பழச்சாறு என்றுதான் இருக்கிறது. ஸ்மூத்தி என்ற சொல்லே இல்லை. என் டம்ளரில் தனிச்சர்க்கரை தேனின் 6 கிராம் மட்டும்தான். ஏன்? மற்றது நாரோடு இருக்கிறது. எந்த நார்? வடிகட்டியில் நிற்கும் நார்!

எடைக்கல் (காலை 11:33)

பிரிட்டன் கணக்கில் அரைத்த பழத்தின் சர்க்கரையும் தனிச்சர்க்கரைதான்.

மிக்சிமணி (காலை 11:35)

என் மிக்சிக்குப் பிரிட்டன் கணக்கு தெரியாது.

காலைநடை (பகல் 12:40)

காலையில் கேட்டதற்கு ஆப்பிளோடு நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். பத்து மணிக்கே பசித்துவிட்டது. தயிரும் ஓட்ஸும் போடலாமா என்று மட்டும் சொன்னால் போதும். இன்னொன்று, மிக்சி ஜார் எவ்வளவு கழுவினாலும் ஒரு புளித்த வாடை போகவில்லை, ஏன்?

நீலக்குவளை (பகல் 12:58)

போடலாம் தங்கச்சி. பசி தாங்குவதற்குப் புரதம் வேண்டும். தயிர் ஒரு டம்ளர், ஊறிய ஓட்ஸ் மூன்று கரண்டி, ஒரு கரண்டி பாதாம் விழுது, பழம் ஒன்றே ஒன்று. தேன் வேண்டாம். மடமடவென்று குடிக்காமல் கரண்டியால் சாப்பிடுங்கள்.

ஜாரின் அடியில் பிளேடு திருகும் இடத்தில் ரப்பர் வாஷர் இருக்கும். அதை நகத்தால் நெம்பி எடுத்துப் பாருங்கள். அடியில் பச்சையாக, கொழகொழவென்று ஒரு வளையம் இருக்கும். வாடை அங்கிருந்துதான். வாஷரைத் தனியாகத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு போடுங்கள்.

எடைக்கல் (பகல் 1:10)

பார்த்தீர்களா, "கரண்டியால் சாப்பிடுங்கள்" என்கிறார். அதாவது மென்று தின்னச் சொல்கிறார். நான் காலையிலிருந்து சொல்வது இதைத்தான்.

நீலக்குவளை (பகல் 1:13)

நான் உங்கள் கட்சி இல்லை. ஓட்ஸை நைஸாக அரைக்கலாமா கூடாதா என்று நீங்கள் இன்னும் சண்டையே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் எனக்கு வேலை இருக்கிறது.

மிக்சிமணி (பகல் 1:40)

எல்லோரும் திசை திருப்பிவிட்டீர்கள். கல், முட்டை, வாழைப்பழம், வாஷர் என்று திரி எங்கேயோ போய்விட்டது. காலை 6:52-க்குக் கேட்டது ஒரே கேள்வி. "செத்துவிடும்" என்று எழுதியது தவறு என்று எடைக்கல் ஒரே ஒரு வரி எழுதட்டும், நான் திரியை மூடிவிடுகிறேன்.

மதியம் இன்னொரு முறை அரைத்தேன். இந்த முறை ஒரு நிமிடத்துக்குப் பதிலாக மூன்று நிமிடம். வடிகட்டினால் 64 கிராம் நின்றது. புதிய படம் கீழே.

எடைக்கல் (பகல் 1:52)

காலையில் 70, இப்போது 64. அந்த 6 கிராம் எங்கே போனது? செத்துவிட்டதா?

மிக்சிமணி (பகல் 1:54)

நைஸானதால் வடிகட்டியின் ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிட்டது!! டம்ளரில்தான் இருக்கிறது!! மெல்லிய துணியில் வடித்துப் படம் போடுகிறேன். யாரும் போய்விட வேண்டாம்.

மூன்றாம் டம்ளர் (பகல் 1:57)

துணியின் கண் எத்தனை மைக்ரான் என்று முதலில் சொல்லிவிடுங்கள் அண்ணே. பின்னால் திருத்த வேண்டாம்.