சோழருக்குப் பிந்திய தஞ்சை: நாவல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்குப் படிக்கப் புத்தகம் இல்லை. திருவையாற்றில் இருக்கிறோம். அவருக்குச் சரித்திர நாவல்தான் உயிர். கல்கி, சாண்டில்யன் எல்லாம் பலமுறை படித்தாயிற்று. பொங்கலிலிருந்து கையில் எதுவுமில்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாம் சரபோஜி வளர்த்த சரஸ்வதி மகால் நூலகத்தைப் பார்த்து வந்ததிலிருந்து, நாயக்கர், மராட்டியர் காலத்துக் கதை வேண்டும் என்கிறார். நியாயமான ஆசை. 1673-இல் நாயக்கர் ஆட்சி வீழ்ந்ததும், 1855-இல் கம்பெனிக்காரர்கள் தஞ்சையை எடுத்துக்கொண்டதும் நாவலுக்கென்றே நடந்தவை போல இருக்கின்றன.

கிளை நூலகத்தில் கேட்டேன், வரலாற்று நூல்களைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். தஞ்சாவூர்க் கடைகளில் மறுபடியும் சோழர்தான். போனில் மின்நூல் இறக்கிக் கொடுத்தேன். கண்புரை ஆபரேஷன் ஆனவர், கொஞ்ச நேரத்திலேயே கண்ணில் நீர் வடிகிறது. நான் பயணக் கட்டுரை விரும்பி. இப்போது படிப்பது தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’. அதையும் கொடுத்துப் பார்த்தேன், “இதில் கதை இல்லையேப்பா” என்று திருப்பித் தந்துவிட்டார்.

நாயக்கர் அல்லது மராட்டியர் காலத் தஞ்சையில் நடக்கும், இன்றும் அச்சில் கிடைக்கும், எழுத்து கொஞ்சம் பெரிதாக உள்ள தமிழ் நாவல் எது?