எடுரோம் (யுனிவர்சிட்டிகளோட பொது வைஃபை) கனெக்ட் ஆகலை, இன்னைக்கு ராத்திரி பாடப்பதிவு மூடுது, அவசரம்!

புதுவரவு:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். வந்து இறங்கினதுல இருந்து கேம்பஸ் வைஃபை வரவே மாட்டேங்குது. எடுரோம்னு பேர் காட்டுது, தொட்டா யூசர்நேம் பாஸ்வேர்டு கேக்குது, போட்டா கொஞ்ச நேரம் சுத்திட்டு "சேவ்ட்"னு வந்து நிக்குது. பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன். கூட வந்தவங்க எல்லாருக்கும் வந்துடுச்சு, எனக்கு மட்டும்தான் இப்படி. ராத்திரி 12 மணிக்கு பாடம் தேர்ந்தெடுக்கறது மூடிடும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ், கை நடுங்குது.

மூணாவது மாடி:
தம்பி, முதல்ல ஒரு லோக்கல் சிம் வாங்கு. காலேஜ் வைஃபையை நம்பி யாரும் உருப்பட்டதில்லை. ஊர் சிம்மை ரோமிங்ல வெச்சிருந்தா பில் வரும்போது தெரியும். ப்ரீபெய்டு எடு, போஸ்ட்பெய்டுன்னா பேங்க் அக்கவுன்ட் கேப்பான், பேங்க்ல போனா முகவரிச் சான்று கேப்பான், அதுக்கு ஹவுஸ் ஓனர் கையெழுத்து போடமாட்டான். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

செட்டிங்ஸ் ராஜா:
சப்ப மேட்டர். வைஃபை செட்டிங்ஸ்ல சிஏ சர்டிஃபிகேட்னு (சர்வர் நிஜமானதுதான்னு காட்டற சான்று) இருக்கற இடத்துல "டோன்ட் வேலிடேட்", அதாவது சரிபார்க்காதேன்னு போடு; லாகின் முறைக்கு ஈஏபி மெத்தட் பீப், பேஸ் 2 எம்எஸ்சாப்வி2. முடிஞ்சது. நான் எல்லா போன்லயும் இப்படித்தான் போட்டுக் கொடுக்கறேன்.

நெட்வொர்க் அக்கா:
ராஜா, அதைச் சொல்லிக் கொடுக்காதீங்க. நான் ஒரு கேம்பஸ் ஐடி டீம்ல இருக்கேன், இதுதான் என் வேலை. எடுரோம்ங்கற பேரை யார் வேணும்னாலும் ஒரு ரவுட்டருக்கு வெச்சுக்கிட்டு கேன்டீன்ல உக்காரலாம். சர்டிஃபிகேட் பார்க்காத போன் பேரை மட்டும் நம்பி, உங்க பாஸ்வேர்டையோ அதை உடைச்சுக் கண்டுபிடிக்கற அளவுக்குத் தகவலையோ கொடுத்துடும். அந்த ஒரே பாஸ்வேர்டுலதான் மெயில், மார்க், ஃபீஸ் எல்லாம் திறக்குது. தவிர, ஆண்ட்ராய்டு 11-க்கு 2020 டிசம்பர்ல வந்த அப்டேட்ல பிக்சல் போன்கள்ல அந்த ஆப்ஷனையே எடுத்துட்டாங்க. இப்ப நிறைய போன்ல தேடினாலும் கிடைக்காது.

செட்டிங்ஸ் ராஜா:
அக்கா, அவசரத்துல இருக்கற பையனுக்கு பாதுகாப்பு வகுப்பு எடுக்கறீங்க. என் போன்ல இன்னும் இருக்கு, நல்லா ஓடுது.

வன்னிக்காரன்:
நான் வந்த காலத்தில உந்த ஆப் ஒண்டும் இல்லைத் தம்பி. வாசிகசாலைக் கணினியில மெயில் பார்க்க வரிசையில நிண்டனாங்கள். பிறகு வைஃபை வந்தும் என்ர அறைக்குள்ள சிக்னல் ஏறாது. கதவைத் திறந்து, தலையணையைக் கதவடியில போட்டுப் படுத்துக்கொண்டுதான் அம்மாவோட கதைச்சனான். நடுவில ஆராவது கதவைச் சாத்தினால் லைன் போயிடும். நீர் ஒண்டுக்கும் பயப்படாதையும், எல்லாம் சரி வரும்.

புதுவரவு:
அண்ணா நான் தம்பி இல்லை, தங்கச்சி 😭 அந்த டோன்ட் வேலிடேட் எனக்குக் காட்டவே இல்லை. இப்ப ரூம்மேட் ஹாட்ஸ்பாட்ல இருந்து எழுதறேன், அவ 10 மணிக்கு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிடுவா.

வன்னிக்காரன்:
மன்னிக்க வேணும் தங்கச்சி.

கோடை விடுமுறை:
ராண்டம் மேக் அட்ரஸ் (போன் தன்னோட வைஃபை அடையாள எண்ணை மறைச்சு வேற எண்ணைக் காட்டறது) ஆன்ல இருக்கும், அதை ஆஃப் பண்ணு. ஆண்ட்ராய்டு 10-லயும் ஐஓஎஸ் 14-லயும் வந்த வினை அது. எனக்கு அதுதான் பிரச்சினையா இருந்துச்சு.

செட்டிங்ஸ் ராஜா:
எடுரோமுக்கும் மேக்குக்கும் சம்பந்தம் இல்ல பாஸ். அது யூசர்நேம் பார்த்து விடற நெட்வொர்க். ஹாஸ்டல்ல டிவைஸ் ரெஜிஸ்டர் பண்ற இடத்துலதான் மேக் மாறினா தகராறு.

கோடை விடுமுறை:
எனக்கு அதுலதான் சரியாச்சு. என்ன சொல்றீங்க?

மூணாவது மாடி:
ஐடி ஹெல்ப்டெஸ்க்னு ஒண்ணு இருக்குமே, போய்ப் பார்த்தியாம்மா? எங்க காலத்துல சாயங்காலம் ஆனா பூட்டிடுவான். டிக்கெட் (ஆன்லைன் புகார்) போடச் சொல்வான். டிக்கெட் போட இன்டர்நெட் வேணும். இன்டர்நெட் இல்லன்னுதான்யா டிக்கெட்டே!

வன்னிக்காரன்:
அது உண்மைதான் 😂 எனக்கு "உங்கட பிரச்சினை தீர்ந்துவிட்டது" எண்டு தாங்களாவே மெயில் போட்டு மூடினவங்கள். அந்த மெயிலைப் பார்க்க எனக்கு நெட் இல்லை.

மூணாவது மாடி:
ஃபீஸ்ல மட்டும் "தொழில்நுட்பக் கட்டணம்"னு தனியா ஒரு வரி போட்டு வாங்கிடறான்.

நெட்வொர்க் அக்கா:
நாங்க வாங்கற திட்டு போதும், புலம்பலை அப்புறம் வெச்சுக்கலாம். புதுவரவு, முதல் வேலை: வைஃபையை விடுங்க. ஹாட்ஸ்பாட் இருக்கும்போதே பாடப்பதிவை முடிங்க. வைஃபை நாளைக்கும் இருக்கும், பதிவு இருக்காது. லாகின்ல ஓடிபி ஊர் நம்பருக்குப் போய் மாட்டிக்கிட்டா, "வேறு வழி"ன்னு இருக்கறதைத் தொட்டு ஆத்தென்டிகேட்டர் ஆப் (போன்லயே கோட் காட்டற ஆப்) வருதான்னு பாருங்க.

முடிச்சதும் இதுக்குப் பதில் போடுங்க. என்ன போன்? யூசர்நேம் கட்டத்துல எழுத்து எழுத்தா என்ன அடிச்சீங்க (உங்க பேரை மறைச்சுட்டு)? டொமைன்னு ஒரு கட்டம் இருந்துச்சா? வந்த பிறகு பாஸ்வேர்டு மாத்தினீங்களா? "எனக்கு மட்டும் வரலை"ன்னு சொன்னா எங்களால ஜோசியம்தான் பார்க்க முடியும்.

புதுவரவு:
பதிவு முடிஞ்சது அக்கா!! ஒரு பாடத்துல இடம் நிரம்பிடுச்சு, பரவாயில்லை. இப்பதான் மூச்சு வந்துச்சு.

போன் ஆண்ட்ராய்டு 14. மத்தவங்க எல்லாரும் ஐபோன். யூசர்நேம்ல என் மெயில் ஐடி போட்டேன், பேர் புள்ளி இனிஷியல் @ யுனிவர்சிட்டி. டொமைன் கட்டம் இருந்துச்சு, காலியா விட்டா கனெக்ட் பட்டனே அமுங்கலை, அதனால வெப்சைட் முகவரியை டபிள்யூ டபிள்யூ டபிள்யூவோட போட்டேன். பாஸ்வேர்டு முதல் நாளே மாத்தச் சொன்னாங்க, மாத்திட்டேன்.

நெட்வொர்க் அக்கா:
இதுலயே ரெண்டு இடம் சிக்குது.

டொமைன் கட்டம் வெப்சைட்டுக்கு இல்லை. பாஸ்வேர்டு சரிபார்க்கற சர்வரோட பேர் அந்த சர்டிஃபிகேட்ல இருக்கும், அதோட பொருந்தறதைத்தான் அங்க போடணும். பொருந்தலைன்னா போன் சத்தமில்லாம விலகிடும், நீங்க பார்த்த "சேவ்ட்" அதுதான். ஐபோன் சர்டிஃபிகேட்டைக் காட்டி "நம்பலாமா"ன்னு கேக்கும், எல்லாரும் படிக்காமலே சரின்னு தட்டிடுவாங்க. அதான் அவங்களுக்கு வந்துச்சு.

அடுத்தது யூசர்நேம். பல இடத்துல மெயில் முகவரி வேற, லாகின் ஐடி வேற. சேர்க்கைக் கடிதத்துல இருக்கற மாணவர் எண்ணோ, ஏதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஐடியோதான் லாகினா இருக்கும். அதுக்குப் பின்னால @ போட்டு யுனிவர்சிட்டி பேர். அந்த @ பகுதியை விட்டுடாதீங்க. அதை வெச்சுத்தான் எந்த யுனிவர்சிட்டி சர்வர்கிட்ட கேக்கணும்னு நெட்வொர்க் முடிவு பண்ணுது. சில கேம்பஸ்ல அது இல்லாமலும் உள்ள விடும், ஆனா வேற யுனிவர்சிட்டிக்குப் போனா நின்னுடும். எடுரோம் 100 நாடுகளுக்கு மேல இருக்கு, ஒரு தடவை ஒழுங்கா போட்டா எங்க போனாலும் அதே லாகின்தான்.

கையால எதையும் நிரப்ப வேண்டாம். இருக்கற எடுரோமை "ஃபர்கெட்" பண்ணிட்டு, ஹாட்ஸ்பாட்லயே கெட்எடுரோம் ஆப் இறக்குங்க. யுனிவர்சிட்டி பேரைத் தேடி லாகின் பண்ணா சர்டிஃபிகேட், டொமைன் எல்லாம் அதுவே போட்டுக்கும். பட்டியல்ல உங்க யுனிவர்சிட்டி இல்லன்னா மட்டும் ஐடி பக்கத்துல டொமைன் என்னன்னு பாருங்க. தேதி, நேரம் ஆட்டோமேட்டிக்ல இருக்கணும். நேரம் தப்பா இருந்தா நல்ல சர்டிஃபிகேட்டும் செல்லாது.

புதுவரவு:
அக்கா வந்துடுச்ச்ச்சு!! ஆப்ல பேர் இருந்துச்சு. மாணவர் எண் போட்டதும் உடனே கனெக்ட் ஆயிடுச்சு. லேப்டாப்லயும் அந்த ஆப் போட்டேன், ஆனா அதுல "கனெக்டட், நோ இன்டர்நெட்"னு வருது. அதுவும் பாஸ்வேர்டுதானா?

செட்டிங்ஸ் ராஜா:
விபிஎன் (நெட்டை வேற சர்வர் வழியா விடற ஆப்) போட்டிருப்ப. தூக்கு.

நெட்வொர்க் அக்கா:
பாஸ்வேர்டு இல்லை. கனெக்டட்னு வந்துட்டா பாஸ்வேர்டு தாண்டியாச்சு. விபிஎன் இருந்தா நிறுத்துங்க. விண்டோஸ்னா கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக்னு ஆங்கிலத்துல அடிச்சு, ஐபிவி4 வரியில (லேப்டாப்போட நெட்வொர்க் முகவரி) என்ன எண்ல ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க. 169.254-ன்னா நெட்வொர்க்ல இருந்து முகவரியே கிடைக்கலைன்னு அர்த்தம்.

புதுவரவு:
விபிஎன் இல்லை. 192.168.1.50 அக்கா.

நெட்வொர்க் அக்கா:
அது கேம்பஸ் கொடுத்த எண் மாதிரி தெரியலை. முன்னாடி எங்கயோ வேலை பார்த்தப்போ யாராவது கையால போட்டு வெச்சிருப்பாங்க. வைஃபை ப்ராப்பர்ட்டீஸ்ல ஐபி அசைன்மென்ட்டை ஆட்டோமேட்டிக் பண்ணுங்க, டிஎன்எஸ்ஸும் (வெப்சைட் பேரை முகவரியா மாத்தறது) அப்படியே.

புதுவரவு:
ஆமாம், இன்டர்ன்ஷிப்ல போட்டுக் கொடுத்தது. வந்துடுச்சு அக்கா, ரெண்டும் ஓடுது. ரொம்ப நன்றி. அந்த டோன்ட் வேலிடேட் ராஜா அண்ணாவுக்கும் நன்றி 🙏

கோடை விடுமுறை:
இதோட இதையும் கேட்டுக்கறேன். ஹாஸ்டல் ரூம்ல பிரின்டரும் ஸ்பீக்கரும் எடுரோம்ல ஏற மாட்டேங்குதே?

நெட்வொர்க் அக்கா:
ஏறாது. அதுல பெரும்பாலும் யூசர்நேம் அடிக்கற வசதியே இருக்காது. ஹாஸ்டல்ல டிவைஸ் ரெஜிஸ்ட்ரேஷன் பக்கம் இருந்தா மேக் அட்ரஸ் கொடுத்துச் சேர்க்கணும், ராஜா சொன்ன ராண்டம் மேக் தகராறு இங்கதான் வரும். சொந்த ரவுட்டர் மாட்டறதுக்கு முன்னாடி விதியைப் படிங்க, பல இடத்துல தடை. மாட்டினா எங்க ஆளு கண்டுபிடிச்சு உங்க ரூம் சுவர்ல இருக்கற நெட்வொர்க் போர்ட்டை அணைச்சுட்டுப் போயிடுவான். பிரின்டருக்கு யூஎஸ்பி கேபிள்தான் சுலபம்.

இன்னொண்ணு, எல்லாருக்கும்: பாஸ்வேர்டு மாத்தற அன்னைக்கே போன், லேப்டாப், டேப்லெட் எல்லாத்துலயும் மாத்துங்க. பையில கிடக்கற பழைய டேப்லெட் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அனுப்பி அக்கவுன்ட்டைப் பூட்ட வெச்சுடும்.

மூணாவது மாடி:
அந்தப் பூட்டைத் திறக்கவும் டிக்கெட்தானே போடணும்?

நெட்வொர்க் அக்கா:
இல்லை அண்ணா. போன் பண்ணுங்க, இல்லன்னா ஐடி கார்டோட நேர்ல வாங்க. பகல்ல.