ஏழாவது செமஸ்டரை ஜெர்மனியில் படிக்கலாமா? கிரெடிட் கைக்கு வருமா?

இசிஇ_கடைசிபெஞ்ச்

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஜெர்மனியில் டார்ட்முண்ட் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றோடு எங்கள் கல்லூரிக்கு ஒப்பந்தம் இருக்கிறது, வரும் அக்டோபரில் ஒரு செமஸ்டர் அங்கே போக என் பெயரைத் துறையில் எழுதிக்கொண்டார்கள். டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டர் கட்டணம் மட்டும் முந்நூறு யூரோ சொச்சம். ஆனால் விசாவுக்கு ஆறு மாதக் கணக்கில் 5,952 யூரோ காட்டவேண்டும் என்றதும் அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார், அம்மா வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அது போக, அது ஏழாவது செமஸ்டர், பிளேஸ்மெண்ட் நேரம். இப்படிப் போய் வந்த சீனியர் ஒருவர் இங்கே மூன்று பேப்பர் மறுபடி எழுதினார் என்றும் கேள்வி. போனவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள்.

ரூர்நதி

நான் 2022இல் அதே பக்கம்தான் போனேன். முதலில் அப்பாவிடம் ஒன்று சொல்லும்மா, அந்தப் பணம் யாருக்கும் கட்டும் ஃபீஸ் இல்லை. உன் பெயரிலேயே ஒரு கணக்கில் முடக்கி வைப்பது, அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உனக்கே வரும், வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் அதிலிருந்துதான். நான் போனபோது மாதம் 861. ஸ்காலர்ஷிப் கடிதம் இருந்தால் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். பார்ட் டைம் வேலையை நம்பிக் கணக்குப் போடாதே, வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்று சட்டம் இருந்தாலும் நாலு மாதத்தில் வேலை தேடிச் சேர்வதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும்.

பணம் சமாளித்துவிடலாம், காலண்டர்தான் சமாளிக்க முடியாதது. அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1இல் தொடங்கும் என்பார்கள், வகுப்பு தொடங்குவது அக்டோபர் நடுவில். பிப்ரவரி முதல் வாரம்வரை வகுப்பு, அதற்கப்புறம்தான் பரீட்சை, சில பாடத்துக்கு மார்ச்சில்கூட. இங்கே எட்டாவது செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கியிருக்கும். நான் திரும்பி வந்தபோது அட்டெண்டன்ஸ் 41 சதவீதம், கண்டோனேஷனுக்காக, அதாவது அட்டெண்டன்ஸ் குறைந்ததைப் பொறுத்துக்கொண்டு பரீட்சை எழுத விடும் அனுமதிக்காக, ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மூன்று வாரம் அலைந்தேன்.

மார்க் கதை இன்னொன்று. அங்கே 1.0 தான் முதல் தரம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நான் 1.3 வாங்கிய சந்தோஷத்தில் வந்தால் எங்கள் ஆபீஸில் ஒருவர் “இவ்வளவு கம்மியா எடுத்திருக்கியே” என்றார். போகும் முன்பே எந்த அங்கத்துப் பாடம் எந்த இங்கத்துப் பாடத்துக்கு ஈடு, அந்த மார்க்கை இங்கத்து கிரேடாக எப்படி மாற்றுவார்கள் என்று எழுதி, எச்ஓடி (துறைத் தலைவர்), தேர்வுக் கட்டுப்பாட்டாளர் இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கிக்கொள். வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்த எச்ஓடி, நான் வருவதற்குள் மாறிப்போயிருந்தார்.

பழைய_அரியர்

ரூர்நதி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பி.இ. மட்டத்துப் பாடம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான், ஆங்கிலத்தில் கிடைப்பது அநேகமாக மாஸ்டர்ஸ் பாடம். “எல்லாம் இங்கிலீஷ்தான்” என்று இங்கே யாராவது சொன்னால் நம்பிவிடாமல் பாடப்பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 30 இசிடிஎஸ் (ஐரோப்பிய நாடுகளின் பொதுக் கிரெடிட்) என்பது கணக்கு, ஒரு கிரெடிட்டுக்கு சுமார் 30 மணி நேர உழைப்பு. முதல்முறை போகிறவருக்கு 20 போதும்.

இன்டர்னல் மார்க் என்ற ஒன்றை மறந்துவிடுங்கள். நிறைய பாடத்தில் கடைசிப் பரீட்சை ஒன்றுதான் மொத்த மார்க்கும். அந்தப் பரீட்சைக்கு நாமே தனியாகப் பதிவு செய்யவேண்டும், வகுப்பில் உட்கார்ந்திருந்தால் பெயர் தானாக வந்துவிடும் என்று நான் இருந்தேன். கடைசித் தேதி போயிற்று, ஒரு பாடம் அப்படியே போயிற்று. அங்கே ஃபெயில் ஆனாலும் மறுதேர்வு அடுத்த செமஸ்டரில் வைத்தால் நாம் ஊரில் இருப்போம்.

என்னைக் கேட்டால் ஏழாவதில் போகவேண்டாம். எட்டாவதில் பிராஜெக்ட் மட்டும்தானே, அங்கே ஒரு பேராசிரியரின் லேபில் அந்தப் பிராஜெக்டைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். பரீட்சைத் தேதி தொல்லை இல்லை, ஜனவரியிலேயே கிளம்பலாம், பிளேஸ்மெண்டில் பெரும்பாலான கம்பெனி அதற்குள் வந்து போயிருக்கும்.

ரூர்நதி

பழைய அரியர் சொல்வது புத்திசாலித்தனம்தான், ஆனால் பிராஜெக்ட் என்றால் லேபில் நாலு பேர் முகத்தைத்தான் பார்ப்பாய். ஆறு பேர் பங்குபோடும் சமையலறையில் யாருடைய பாத்திரம் யார் கழுவுவது என்று சண்டை போட்டு, அப்புறம் அவர்களோடே சேர்ந்து பரீட்சைக்குப் படித்ததுதான் எனக்கு அந்த ஊர். அதை விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எப்போது போனாலும் சனிக்கிழமை ராத்திரி போய் இறங்காதே. நான் இறங்கியது அக்டோபர் 1, சனி. மறுநாள் ஞாயிறு, கடை கிடையாது. திங்கள் அக்டோபர் 3, ஜெர்மனி ஒன்றான நாள், அன்றும் கடை கிடையாது. அறையில் கட்டிலும் மெத்தையும் உண்டு, தலையணை, போர்வை கிடையாது. ரயில் நிலையத்துக் கடை மட்டும் திறந்திருக்கும் என்று தெரியாமல் இரண்டு நாள் அவலும் பருப்புப்பொடியும்தான். டிசம்பரில் நாலரை மணிக்கு முன்பே இருட்டிவிடும், அப்போது ஒருநாள் டார்ட்முண்டுக்குப் பக்கத்திலுள்ள ஹாம் ஊர் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனேன். ஈழத்தமிழர்கள் கட்டிய கோயில், தொழிற்பேட்டை நடுவே, பக்கத்தில் மின் நிலையம், அதற்கு எதிரே கோபுரம். உள்ளே இரண்டு பாட்டிமார் மருமகளைப் பற்றித் தமிழில் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள், அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இசிஇ_கடைசிபெஞ்ச்

நன்றி அக்கா, நன்றி அண்ணா. இன்று எச்ஓடியிடம் கையெழுத்துக் கேட்டேன், “முதல்ல பாடப்பட்டியல் கொண்டு வாம்மா” என்றார். பட்டியலை எடுத்தால் ஆங்கிலத்தில் எனக்குப் பொருந்துவது மூன்றே மூன்று. எட்டாவதில் பிராஜெக்ட் என்று இரண்டு பேராசிரியர்களுக்கு மெயில் போட்டிருக்கிறேன். அப்பா 992 கணக்கைக் கேட்டுவிட்டு இப்போது பேசுகிறார். அம்மா ரைஸ் குக்கர் கொண்டுபோகச் சொல்கிறார், வேலை செய்யுமா?

பழைய_அரியர்

வோல்டேஜ் ஒன்றுதான், ஆனால் நம் மூன்று பின் பிளக் அங்கே நுழையாது. சின்ன அடாப்டரில் குக்கரைப் போட்டால் உருகும். அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.