ஃபைப்ரினோஜன், டி-டைமர், வேலை, வீடு: உங்கள் மேசைக்கு வந்த கேஸ்கள்

நீலமூடி:
இரவு ஷிஃப்டில் துப்புரவு வேலை, ஐம்பது தாண்டிய ஆண், சிகரெட் உண்டு. ரத்தம் உறையத் தேவையான புரதமான ஃபைப்ரினோஜனை கிளாஸ் முறையில் (த்ராம்பின் சேர்த்து உறையும் நேரத்தை அளப்பது) போட்டால் 1:10 நீர்ப்பில் ஐந்து விநாடிக்குள்ளேயே உறைந்து, அளவீட்டுக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. 1:20 ஆக நீர்த்து மறுபடி ஓட்டி இரண்டால் பெருக்கியதில் 5.1 கிராம்/லிட்டர். 2 முதல் 4 வரைதான் இயல்பு. இதுவரை சரி. ரிப்போர்ட்டின் அடியில் யாரோ "இதய நோய் அபாயம் அதிகம்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த வரிதான் இன்னும் உறுத்துகிறது. அதே ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 38, ஆள் நெஞ்சுச் சளியோடு இருமிக்கொண்டே வந்தவர். அழற்சி வந்தால் ஐஎல்-6 என்ற சமிக்ஞைப் புரதம் கல்லீரலை முடுக்கிவிடும், ஃபைப்ரினோஜன் ஏறும். அதன் அரை ஆயுள் நாலு நாள் அளவில் இருப்பதால் காய்ச்சல் விட்ட மறுநாளே இறங்கிவிடாது. ஆறு வாரம் விட்டு எடுத்ததில் 3.9. சிஆர்பி பார்க்காமல் ஃபைப்ரினோஜனுக்கு அபாயக் குறிப்பு எழுதக் கூடாது என்பது என் கட்சி. உங்களிடம் வந்தது என்ன?

தேம்ஸ்கரை:
3.9 வந்ததும் ஃபைலை மூடிவிட்டீர்கள் போல. அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. சளி போன பிறகும் மேல் எல்லையை ஒட்டி நிற்கிறதே, அதற்கு யார் பதில் சொல்வது? ஈரம் கசியும் வீடு, பல் ஈறு வீக்கம், சிகரெட், இரவு வேலை, எல்லாம் சேர்ந்து ஆண்டு முழுக்க கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைத்திருக்கும்.

லண்டன் வைட்ஹால் அரசு ஊழியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ல் தொடங்கிய முதல் ஆய்வு ஆண்களை மட்டும் பார்த்தது. கடைநிலை ஊழியருக்கு இதய நோய்ச் சாவு உயர் அதிகாரியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் பாதி வித்தியாசம்கூடத் தீரவில்லை. இவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்ல. எல்லாருக்கும் நிரந்தர வேலை, இலவச வைத்தியம். 1985 முதல் 1988 வரை 10,308 பேரைச் சேர்த்த இரண்டாவது ஆய்வில், பதவி இறங்க இறங்க ஃபைப்ரினோஜன் ஏறியது. அதோடு நிற்கவில்லை: அப்பாவின் வேலை, வளர்ந்தபின் உள்ள உயரம், வேலையில் தன் கையில் இருக்கும் அதிகாரம், மூன்றோடும் அது சேர்ந்து போனது. உயரம் குறைந்தவருக்கு ஃபைப்ரினோஜன் கூடுதல் என்றால் அது சிறுவயதுச் சோற்றின் கதை.

என்னிடம் வந்தது ஒரு கேள்வித்தாள். "அப்பாவின் வேலை" என்ற கட்டத்தில் "அவரைப் பார்த்ததே இல்லை" என்று எழுதியிருந்தது. இதை எந்த வர்க்கத்தில் போடுவது? கடைசி வர்க்கத்தில் தள்ளினால் அது ஊகம். ஆளையே விட்டுவிட்டால், அப்பா இல்லாமல் வளர்ந்தவர்களில் வறியவர்கள் கூடுதல் என்பதால் மேல்-கீழ் வித்தியாசம் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். "தகவல் இல்லை" என்று தனிக் குறியீடு கொடுத்து, சேர்த்தும் விட்டும் இரண்டு தடவை கணக்குப் போட வேண்டும்.

கிளாஸ்கோ அக்கா:
தேம்ஸ்கரை சொல்வது ஆய்வுக்குச் சரி, கிளினிக்கில் உட்கார்ந்தால் வேறு. இங்கிலாந்தில் டாக்டர்கள் போடும் இதய நோய் அபாயக் கணக்கியான கியூரிஸ்க்3-ல் ஃபைப்ரினோஜனுக்குக் கட்டமே கிடையாது. சமூக நிலை உள்ளே போவது போஸ்ட்கோட் வழியாக. அதை வைத்து டவுன்சென்ட் என்ற வறுமை மதிப்பெண் எடுக்கும்: வேலையின்மை, கார் இல்லாமை, சொந்த வீடு இல்லாமை, வீட்டு நெரிசல்.

ஒரு கேஸில் போஸ்ட்கோட் காலியாக விடப்பட்டு அபாயம் 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. வெற்றாக விட்டால் கணக்கி சராசரிப் பகுதி என்று எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கோட் போட்டதும் 10-ஐத் தாண்டியது, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் பற்றிய பேச்சே அப்போதுதான் வந்தது. இன்னொன்று: இலங்கைத் தமிழருக்கு அந்தப் பட்டியலில் தனிக் கட்டம் இல்லை, "பிற ஆசியர்" என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் "இந்தியர்" என்று அடித்தால் எண் மாறும். ஸ்காட்லாந்தின் அசைன் கணக்கியும் வசிப்பிடத்தின் வறுமையைச் சேர்க்கிறது, குடும்ப வரலாறும் கேட்கிறது.

நல்ல தெருவில் நிலவறை அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு போஸ்ட்கோட் பொய் சொல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிடைமர் தம்பி:
72 வயது அம்மா, இரண்டு லேப் ரிப்போர்ட். ஒன்றில் டி-டைமர் (ரத்தக்கட்டு கரையும்போது வரும் துணுக்கு) 260, அடுத்ததில் 530. ஒரே வாரத்தில் இரட்டிப்பு, ரத்தம் கட்டுகிறது என்று மகன் இரவோடு இரவாக எமர்ஜென்சிக்குக் கூட்டிவந்துவிட்டார். முதல் லேப் டிடியூ (டி-டைமர் அலகு) என்ற அலகில் கொடுத்திருக்கிறது, இரண்டாவது எஃப்இயூ (ஃபைப்ரினோஜன் சம அலகு). ஒரு டிடியூ ஏறக்குறைய இரண்டு எஃப்இயூ, ஆக இரண்டும் ஒரே எண்தான். 50-க்கு மேல் வயதைப் பத்தால் பெருக்கும் விதி எஃப்இயூவுக்கு மட்டும்; 72-க்கு 720 வரை விடலாம். டிடியூவில் ஐந்தால் பெருக்க வேண்டும். அந்த விதியும் நுரையீரலில் ரத்தக்கட்டு இல்லை என்று ஒதுக்கத்தான், மாரடைப்பு ஜோசியத்துக்கு அல்ல.

சுழற்சி1500:
அலகு, போஸ்ட்கோட் எல்லாம் பிறகு. டியூப் சரியாக இல்லாவிட்டால் இந்த விவாதமே வீண். ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் உள்ள டியூபில் பாதி ரத்தத்தோடு மாதிரி வருவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கேட்காமலே சொல்கிறேன்.

நீல மூடி டியூபில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் 0.3 மில்லி, ரத்தம் 2.7 மில்லி, விகிதம் 1:9. தொண்ணூறு சதவீதத்துக்குக் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள். சிட்ரேட் மிஞ்சி உறையும் நேரம் நீளும், ஃபைப்ரினோஜன் நீர்த்துத் தெரியும். பட்டர்ஃபிளை ஊசியென்றால் குழாயில் உள்ள காற்று டியூபுக்குள் போய் ரத்தம் குறையும், அதனால் முதலில் ஒரு வெற்று டியூபை இழுத்து எறிந்துவிட்டு அப்புறம் நீல மூடி. ஈடிடிஏ டியூபுக்கு முன்னால் இது. கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மெதுவாக நாலைந்து தடவை கவிழ்க்கணும், குலுக்கக் கூடாது. ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 55-க்கு மேல் போனால் சிட்ரேட் அளவைக் குறைக்கணும், பிளாஸ்மா குறைவாக இருப்பதால்.

முழு ரத்தத்தை ஐஸில் வைக்காதீர்கள். குளிரில் உறைவுப் புரதங்களில் ஃபேக்டர் 7 தூண்டப்பட்டு உயரும், ஃபேக்டர் 8-ம் வான் வில்லிபிராண்டும் குறையும். நாலு மணி நேரத்துக்குள் 1500 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றுங்கள். உறைய வைப்பதானால் மேல் பிளாஸ்மாவை மட்டும் எடுத்து இன்னொரு முறை சுழற்றிவிட்டு -70 டிகிரிக்குக் கீழே. உருக்கும்போது 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வேகமாக, பிறகு நன்றாகக் கலக்க வேண்டும். ஃபிரிட்ஜில் மெதுவாக உருக விட்டால் அடியில் வெள்ளையாக ஒரு படிவு தங்கும். நமக்கு வேண்டிய ஃபைப்ரினோஜனும் ஃபேக்டர் 8-ம் அந்தப் படிவில்தான் கிடக்கும், மேலே எடுப்பது வெறும் மிச்சம்.

சமூக ஒப்பீடு செய்கிறவர்கள் இன்னும் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வான் வில்லிபிராண்ட் அளந்தால் ரத்த வகையும் வேண்டும். ஓ வகைக்காரருக்கு மற்றவரைவிடக் கால்வாசி குறைவு. மாதிரி எடுத்த மாதமும் வேண்டும். குளிர்காலத்தில் ஃபைப்ரினோஜன் ஏறுவதை 1994-ல் கேம்பிரிட்ஜில் 65 முதல் 74 வயதுக்காரர்களிடம் காட்டினார்கள். ஏழைப் பகுதியில் ஜனவரியிலும் வசதியான பகுதியில் ஜூலையிலும் எடுத்துவிட்டு வர்க்க வித்தியாசம் என்று எழுதினால் அது சீதோஷ்ண வித்தியாசம்.

ரசாயனம்:
தேம்ஸ்கரை, ஃபைப்ரினோஜனையே குற்றவாளி ஆக்குகிறீர்கள். 2005-ல் 31 ஆய்வுகளைச் சேர்த்து 1,54,211 பேரைப் பார்த்தார்கள். ஒரு கிராம்/லிட்டர் கூடினால் இதய நோய் அபாயம் 2.4 மடங்கு, மற்ற காரணிகளைக் கழித்தால் 1.8 அளவுக்கு இறங்கியது. ஆனால் பீட்டா சங்கிலி மரபணு மாறுபாட்டால் பிறந்ததிலிருந்தே ஃபைப்ரினோஜன் கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. இஸ்ரேலில் 3,090 பேரிடம் நடந்து 2000-ல் வெளியான, பெசாஃபைப்ரேட் என்ற கொழுப்பு மருந்தின் சோதனையில் ஃபைப்ரினோஜன் இறங்கியது, முக்கிய முடிவில் உறுதியான பலன் தெரியவில்லை. ஃபைப்ரினோஜன் புகை மாதிரி. நெருப்பு வேறு இடத்தில். ஒரு வெல்னஸ் பேக்கேஜ் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் "ஃபைப்ரினோஜனை இறக்க" நாட்டோகைனேஸ் மாத்திரை வாங்கியிருந்தார். கையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினுக்கான சீட்டு. முதலில் நாட்டோகைனேஸை நிறுத்தச் சொல்லி ஐஎன்ஆர் (வார்ஃபரின் எடுப்பவரின் உறைதல் அளவு) எடுக்க வேண்டியதாயிற்று.

தேம்ஸ்கரை:
குற்றவாளி என்று நான் எங்கே சொன்னேன்? மாத்திரையால் எண்ணை இறக்கச் சொல்லவுமில்லை. புகையைப் பார்த்து நெருப்பைத் தேடுங்கள் என்றுதான் சொல்கிறேன். சிகரெட்டை விட்டால் அது இறங்குகிறது, ஈறுக்கு வைத்தியம் பார்த்தாலும் இறங்கக்கூடும். ஷிஃப்டை மாற்றிக் கொடுக்க எந்த டாக்டராலும் முடியாது, அதுதான் சங்கடம்.

நீலமூடி:
சுழற்சி அண்ணா, நீங்கள் விட்ட ஒன்று. முறையையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். பிடி-யிலிருந்து (புரோத்ராம்பின் நேரம்) கணக்கிட்டு எடுக்கும் ஃபைப்ரினோஜன் பெரும்பாலும் கிளாஸைவிடக் கூடுதலாகக் காட்டும், இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட முடியாது. உறைவுத் தடுப்பு மருந்தான டபிகாட்ரான் எடுப்பவருக்கு, ரியேஜென்ட்டில் த்ராம்பின் குறைவாக இருந்தால் கிளாஸே பொய்யாகக் குறையும். என் கேஸில் ஆறு வாரம் முன்பும் பின்பும் ஒரே மெஷின், ஒரே லாட் ரியேஜென்ட். 3.9 நிஜம்தான், அடுத்த ரிப்போர்ட்டில் சிகரெட்டும் பல்லும் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.