சவன்னா ஆறு: ஐந்தடி ஆழப்படுத்தியதன் பின்னால் வந்த வேலைகள்

ஜார்ஜியா மாநிலத்தின் சவன்னா துறைமுகத்துக்குப் போகும் கப்பல் வழியை 42 அடியிலிருந்து 47 அடிக்கு இறக்கினார்கள். ஐந்தடிதானே என்று தோன்றும். ஆனால் கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. கடல் ஏற்றத்தின்போது ஆற்றின் அடியோடு ஆப்பு மாதிரி உள்ளே நுழையும். பள்ளம் ஆழமானால் ஆப்பு ஆற்றுக்குள் இன்னும் தூரம் போகும். மேலே நன்னீர், கீழே உப்புநீர் என்று அடுக்குப் பிரிந்துவிட்டால் காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன் அடிவரை இறங்காது. மொத்தச் செலவு சுமார் 97.3 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி இந்தப் பாதிப்புகளை ஈடுகட்டவே போனது.

இன்னொன்று. 47 என்பது சராசரித் தாழ்நீர் மட்டத்திலிருந்து அளப்பது. தூர்வாரும் இயந்திரம் தரையை மட்டமாகச் சீவாது, அதனால் ஒப்பந்தத்தில் கூடுதல் ஆழத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். எந்த ஆற்றைத் தோண்டும் திட்டத்தின் அறிக்கையாக இருந்தாலும், உப்புக் கணக்கை எந்த ஆழத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

*

ஆக்சிஜன் பற்றி. ஆற்றங்கரையில் கவிழ்த்து வைத்த புனல் மாதிரி உலோகக் கூம்புகள் நிற்கின்றன. ஆற்றுநீரை இழுத்து, மேலே உள்ள குறுகிய வாய் வழியாக அழுத்தத்தோடு கீழ்நோக்கி விட்டு, அங்கேயே ஆக்சிஜனைச் செலுத்துவார்கள். குமிழி மேலே ஏறப் பார்க்கும், நீர் கீழே தள்ளும். கூம்பு விரிய விரிய நீரின் வேகம் குறைவதால், குமிழி அடிவழியாகத் தப்பவும் முடியாமல் மேலே போகவும் முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டு முழுக்கக் கரையும். வெளியே வரும் நீரில் குமிழியே தெரியக் கூடாது. தெரிந்தால் ஆக்சிஜன் வீணாகிறது என்று அர்த்தம்.

தேவை கோடையில்தான். 20 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் ஏழரை. உப்பு கலந்தால் இன்னும் குறைவு. உறிஞ்சும் வாயில் சல்லடை இல்லாவிட்டால் மீன்குஞ்சு உள்ளே போகும். சல்லடை போட்டால் இலையும் சேறும் அடைக்கும். பள்ளம் இருக்கும் வரை இந்த இயந்திரமும் ஓடியாக வேண்டும். ஆற்றை வென்டிலேட்டரில் போட்ட மாதிரிதான். திட்டத்தை எதிர்த்த வழக்கில் 2013-ல் எட்டிய சமரசத்தில், உள்துறைமுகத்தைத் தோண்டும் முன் இது வேலை செய்வதை நிரூபிக்கச் சொன்னது நியாயமான நிபந்தனை.

*

குடிநீர்ப் பக்கமும் உண்டு. நகரத்துக்கான நீரை அபர்கார்ன் ஓடையில் எடுக்கிறார்கள். ஆற்றில் வரத்து குறைந்து, கடல் ஏற்றமும் பெரிதாக இருக்கும் நாட்களில் அங்கே உப்பில் உள்ள குளோரைடு கூடும். நாக்குக்குக் கரிக்கும் முன்பே பழைய குழாய்களின் ஈயப் பற்றவைப்பு அரிக்கத் தொடங்கிவிடும். அதனால் 9.7 கோடி கேலன் கொள்ளும் நீர்த்தேக்கம் கட்டினார்கள். குளோரைடு ஏறும் நேரத்தில் ஓடையை விட்டுவிட்டு அதிலிருந்து எடுக்கலாம்.

*

கடல் முகப்பில் பிரச்சினை ஆமை. மண்ணை உறிஞ்சும் கப்பலின் இழுவைத் தலை, அதாவது அடியில் இழுபடும் உறிஞ்சு வாய், தரையோடு ஒட்டியிருக்கும்போது, முன்னால் பொருத்திய தடுப்பு ஆமையை ஒதுக்கித் தள்ளிவிடும். தலையைத் தூக்கும்போது பம்பை நிறுத்தாமல் விட்டால் ஆமை உள்ளே போய்விடலாம். குளிர்காலத்தில் தோண்டுவதும் ஆமை நடமாட்டம் குறைவு என்பதால்.

*

சிறுமூக்கு ஸ்டர்ஜியன் மீனுக்குச் சொன்ன ஈடுதான் இழுபறி. கழிமுகத்தில் இழந்த இடத்துக்குப் பதிலாக, கடலிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. மேலே, அகஸ்டாவுக்கு அருகே 1937-ல் முடிந்த நியூ சவன்னா பிளஃப் அணையைத் தாண்டி முட்டையிடப் போக வழி செய்து தருவதாகத் திட்டம். அணையை எடுத்துவிட்டு, மீன் ஏறிப்போகப் பாறைச் சரிவு போட்டால் மேல்பக்க நீர்மட்டம் இறங்கும். 2019 பிப்ரவரியில் மட்டத்தை இறக்கிச் சோதித்தபோது படகுத்துறைகள் சேற்றில் உட்கார்ந்தன, கரை விரிசல் விட்டது. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில் கப்பல் வழி 47 அடிக்கு முடிந்தபோதும் மீன் வழி கட்டப்படவில்லை.